உருவேற்ற ஒரு மந்திரம்: தேர்ந்தெடுக்கும் முறை

மந்திரம் ஒன்றை எடுத்து நாள்தோறும் உருவேற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நெருக்கடியில்தான் வருகிறது. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருப்பார், மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போகும், அல்லது இரவெல்லாம் உறக்கம் பிடிக்காது. அந்த நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால் கடன் தீர ஒன்று, வேலை கிடைக்க ஒன்று, பகை ஒழிய ஒன்று என்று நூறு மந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. எது சக்தி மிகுந்தது என்று தேடத் தொடங்குபவர் பத்து நாளில் மூன்று மந்திரங்களை மாற்றிப் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் மாலையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுகிறார். எந்த மந்திரம் வலியது என்று கேட்டால் ஒவ்வொரு மரபு நூலும் தன் தெய்வத்தின் மந்திரத்தையே விடையாகச் சொல்லும். ஆகையால் அந்தக் கேள்வியைக் கொண்டு ஒருவரும் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும், கூட்ட நெரிசலில் நின்றுகொண்டே போகும் பேருந்திலும் என் நாவில் தானே நிற்கக்கூடியது எது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். தீட்சை பெறாத, இல்லறத்தில் இருக்கும் ஒருவர் அந்த விடையைக் கண்டடையும் வழியையே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கந்த சஷ்டி கவசம், விஷ்ணு சகஸ்ரநாமம், அபிராமி அந்தாதி போன்றவை பாராயணத்துக்கு உரியவை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓதி நிறைவு செய்யப்படுபவை. உருவேற்றுதல் என்பது ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சொல்பவரின் முயற்சி குறைந்து சொல்லே ஓடும் நிலைக்கு வருவது. இரண்டையும் ஒருவரே செய்யலாம் என்றாலும், கவசத்தை மந்திரமாக எடுத்துக்கொண்டு நாளைக்கு நூற்றெட்டு என்று கணக்கு வைத்தால் தொண்டைதான் வற்றும்.

முன்பே தேர்ந்திருக்கும் தெய்வம்

மந்திரத்துக்கு முன் தெய்வம். பலருக்கு இந்தத் தேர்வு அவர்களை அறியாமலே நடந்து முடிந்திருக்கும். இடறி விழப்போகும்போதும், மூட்டு வலியோடு தரையிலிருந்து எழும்போதும், அறுவை அறையின் கதவு மூடிக்கொள்ளும்போதும் உங்கள் வாயிலிருந்து வருவது "முருகா" என்பதா, "சிவசிவா" என்பதா, "பெருமாளே" என்பதா, "தாயே" என்பதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். இஷ்ட தெய்வம் என்று நூல்கள் சொல்வதை இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதம் (2:44), ஸ்வாத்தியாயத்தால் இஷ்ட தெய்வத்தோடு கூடுதல் நிகழும் என்கிறது. அச்சொல்லுக்கு வியாசரின் உரை தரும் பொருள்களுள் ஒன்று பிரணவம் (ஓம்) முதலிய தூய மந்திரங்களின் ஜபம் என்பது. எந்தத் தெய்வத்தை நாவு ஏற்கெனவே விரும்புகிறதோ, அதன் பெயரைப் பெருக்குவதே ஜபம் என்று அதைப் படித்துக்கொள்ளலாம்.

இங்கே குலதெய்வம் பற்றிய குழப்பம் தவறாமல் எழுகிறது. அங்காளம்மனோ, பச்சையம்மனோ, அய்யனாரோ, கருப்பசாமியோ குலதெய்வமாக இருக்க, மனமோ திருமாலிடமோ முருகனிடமோ செல்லும். குலதெய்வத்துக்கு உரியது குடும்பத்தின் கடமை: பொங்கல், படையல், முதல் மொட்டை, காதுகுத்து. அது அப்படியே நடக்கட்டும். தனிப்பட்ட ஜபத்துக்கு இஷ்ட தெய்வத்தைக் கொள்வதால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஜபத்தைத் தொடங்கும் நாளன்று குலதெய்வத்தை நினைத்து ஒரு விளக்கு ஏற்றிவிட்டு அமர்வது பெரியவர்கள் சொல்லும் வழக்கம். மாறாக, மனம் குலதெய்வத்திடமே ஒன்றுகிறதென்றால் அதற்கு வடமொழி மந்திரம் இல்லையே என்று தேடி அலைய வேண்டாம். "ஓம் அங்காளம்மனே போற்றி" என்பது முழுமையான ஜப வாசகமாகும். புகுந்த வீட்டில் வேறு தெய்வ வழிபாடு நடக்கும் பெண்களுக்கும் இதே விடைதான்: வீட்டுப் பூசை அந்த வீட்டு முறைப்படி நடக்கட்டும், உதட்டுக்குள் இருக்கும் பெயர் அவரவருடையதாக இருக்கட்டும்.

பிறந்த வீடு சைவம், புகுந்த வீடு வைணவம் என்று இரண்டு பக்கமும் இழுபடுபவர்கள் ராம நாமத்தை எடுத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். "ஓம் நமோ நாராயணாய" என்னும் எட்டெழுத்திலிருந்து "ரா" என்பதையும் "நமசிவாய" என்னும் ஐந்தெழுத்திலிருந்து "ம" என்பதையும் எடுத்துச் சேர்த்தது "ராம" என்று கதை சொல்லும் பெரியவர்கள் விளக்குவார்கள். அந்த இரண்டு எழுத்துகளை நீக்கினால் முதலாவதும் இரண்டாவதும் பொருள் இழந்து நிற்கும், ஆகவே இரண்டின் உயிரும் இதில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். சொல்லாராய்ச்சி இதை ஏற்காது. ஆனால் இரண்டு வீட்டையும் ஒரே நாவில் வைத்துக்கொள்ள விரும்பும் மருமகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

யார் எதைச் சொல்லலாம்

தெய்வம் தெளிவானதும் அதற்குரிய மந்திரங்களுள் எவை உங்களுக்குத் திறந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நாமம், மூலமந்திரம், வேத மந்திரம், பீஜ மந்திரம் என்று வகைகள் பலவாக இருப்பினும் நடைமுறையில் கேட்க வேண்டியது ஒன்றே: இதை ஒருவர் எனக்குத் தர வேண்டுமா, நானே எடுத்துக்கொள்ளலாமா?

நாமத்துக்கு எந்தத் தடையும் இல்லை. கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) கொண்டிருக்கும் போதேந்திர சரஸ்வதி சுவாமிகளும், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் நிலைநாட்டிய நாம சித்தாந்தம், பகவானின் பெயரைச் சொல்ல இடம், காலம், குலம், தூய்மை, தீட்சை ஆகிய எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. "ராம", "சிவ", "முருகா", "கோவிந்தா" ஆகியவையும், கலிசந்தரண உபநிடதம் கூறும் "ஹரே ராம" என்று தொடங்கும் பதினாறு நாமங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. மாதவிலக்கு நாட்களில் ஜபத்தை நிறுத்த வேண்டுமா என்று பெண்கள் கேட்பதுண்டு. மாலையை எடுக்காமல், மனத்துக்குள் நாமத்தைச் சொல்வதைத் தடுக்கும் விதி நாம சித்தாந்தத்தில் கிடையாது.

ஐந்தெழுத்தும் எட்டெழுத்தும் சற்று வேறுபட்ட நிலையில் உள்ளன. சைவத்தில் சமய தீட்சையின் போது குரு ஐந்தெழுத்தை உபதேசிப்பார். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களில் இம்முறை இன்றும் நடக்கிறது. வைணவத்தில் ஆசாரியரிடம் சமாசிரயணம் என்னும் தீட்சை பெறும்போது திருமந்திரம் எனப்படும் எட்டெழுத்து கிடைக்கும். முறையாகப் பெறுவதே மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்பவர்களுக்குத் திருமுறைகளே மறுமொழி தருகின்றன. கொலை செய்வோராயினும், நற்குணம் ஒன்றும் இல்லாதவராயினும், சொல்லிவிட்டால் அவர்களுடைய தீங்கெல்லாம் நீங்கும் என்று ஐந்தெழுத்தைப் பற்றிச் சம்பந்தர் தம் நமச்சிவாயத் திருப்பதிகத்தில் பாடுகிறார். தீட்சை பெற்றவர் மட்டும் என்று அவர் வரம்பு கட்டவில்லை. திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியின் முதல் பதிகத்தில் "நாராயணா என்னும் நாமம்" தமக்குக் கிடைத்த கதையை ஊரறியச் சொல்லி, நீங்களும் சொல்லுங்கள் என்றே அழைக்கிறார். ஆகையால் தீட்சை இல்லாதவர் இவற்றை நாமமாகச் சொல்லலாம், நியாசம் (உடலின் உறுப்புகளைத் தொட்டு மந்திரத்தை இருத்துதல்) முதலிய மந்திர அங்கங்களைச் சேர்த்துக்கொண்டு சாதனையாகச் செய்வதற்குக் குருவிடம் செல்லலாம் என்பது இரு பக்கமும் ஏற்கக்கூடிய நடுவழி.

ஹ்ரீம், க்லீம் போன்ற பீஜ எழுத்துகள் செறிந்த மந்திரங்கள், குறிப்பாக ஸ்ரீவித்தை என்னும் அம்பிகை வழிபாட்டு மரபின் பதினைந்தெழுத்து மந்திரமான பஞ்சதசி போன்றவை, உபதேசம் இல்லாமல் எடுக்கக்கூடாதவை. இதில் நான் சமரசம் சொல்லப் போவதில்லை. அச்சிட்ட புத்தகத்தில் பார்த்துத் தொடங்காதீர்கள். தனியே "ஓம்" என்று மட்டும் ஜபிப்பதும் துறவிகளுக்கு உரியது என்பதால், இல்லறத்தார் அதை ஒரு பெயரோடு சேர்த்தே சொல்வது வழக்கம். காயத்ரி, ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் (3:62:10) உள்ள விசுவாமித்திரரின் மந்திரம். மரபுப்படி உபநயனத்தில் பெறப்படுவது. ஆரிய சமாஜம் போன்ற இயக்கங்கள் அதை அனைவருக்கும் கற்றுத் தருகின்றன. எந்தப் பக்கம் நின்றாலும், ஒலியை ஒருவரிடம் நேரில் கேட்டுக் கற்காமல் அதைத் தொடங்குவது சரியாகாது. காரணம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

நாவும் எழுத்தும்

பிற இந்திய மொழியினர் பலருக்கு எழாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகள் ஒவ்வொன்றும் வடமொழியில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று வரிசைப்படுத்தும் ஒலிகளைத் தாங்கி நிற்கின்றன. காயத்ரியின் நடுவே "பர்கோ தேவஸ்ய தீமஹி" என்று தமிழில் எழுதியிருப்பதைப் பாருங்கள். "தேவஸ்ய" என்பதன் தகரம் மூன்றாம் ஒலி. அடுத்து வரும் "தீமஹி" என்பதன் தகரம் மூச்சோடு வரும் நான்காம் ஒலி. "பர்கோ" என்பதன் பகரம் நான்காவது. கடைசியில் வரும் "ப்ரசோதயாத்" என்பதன் பகரமோ முதலாவது. வெறும் தமிழ் அச்சைப் பார்த்துப் படிப்பவருக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் தெரியாது. பழைய பதிப்புகளில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண்கள் இட்டிருப்பது இதற்காகவே. அந்த எண்களை அச்சுக்கூடத்தின் பிழை என்று எண்ணியிருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் தேர்வுக்கு வந்திருக்கும் மந்திரத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு எழுத்தின் ஒலியும் உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா என்று விரல் வைத்துப் பாருங்கள். "நமசிவாய" என்பதில் தடுமாற ஒன்றுமில்லை. "நமச்சிவாய" என்று ஓதுவார்கள் பாடுவதும் அதே மந்திரம்தான். ஒற்றெழுத்தை எண்ணும் வழக்கமில்லை என்பதால் எழுத்து ஐந்தாகவே நிற்கும். "சரவணபவ" என்பதில் பகரம் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். எதுவுமே ஐயமாகத் தோன்றினால் முழுக்கத் தமிழிலேயே அமைந்த வாசகங்கள் இருக்கின்றன: "வேலும் மயிலும் துணை" என்பதும், வள்ளலார் வழியினர் சொல்லும் "அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி" என்பதும் உருவேற்றுவதற்கு எந்த வகையிலும் குறைந்தவை ஆகமாட்டா.

எளிய மந்திரங்களிலும் இரண்டு பிழைகள் பரவலாக உள்ளன. பாட்டில் இழுத்துப் பாடிக் கேட்ட பழக்கத்தால் "நமசிவாயா" என்று கடைசி எழுத்தை நெடிலாக்குகிறோம். "சிவாய" என்பது சிவனுக்கு என்ற நான்காம் வேற்றுமை, அதன் இறுதி எழுத்து குறில். அதுபோலவே "ஓம் நமோ நாராயணா" என்று சொல்பவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்துகளே தேறும். "நாராயணாய" என்று முடித்தால்தான் எட்டு. கூப்பிடுவதற்கு "நாராயணா" அழகான விளி. எட்டெழுத்தாகச் சொல்ல முடிவுசெய்தால் கடைசி யகரத்தை விழுங்கக்கூடாது. தெய்வத்தின் பெயரிலிருந்து நாமமந்திரம் அமைக்கும்போதும் இதையே நினைவில் கொள்ளுங்கள்: "கணேசாய நம:" என்பது ஆண்பாற் பெயருக்கான முடிவு, "துர்காயை நம:" என்பது பெண்பாற் பெயருக்கானது. இதில் ஐயம் வந்தால் தமிழில் "போற்றி" என்று முடித்துவிடலாம், பிழைக்கே வழியில்லை.

பொருளும் தெரிந்திருக்க வேண்டும். ஜபம் என்பது அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்வதோடு அதன் பொருளைப் பாவித்தலும் ஆகும் என்று யோக சூத்திரம் (1:28) பிரணவத்தை வைத்துச் சொல்கிறது. "சரவணபவ" என்பதற்கு நாணற்காட்டில் தோன்றியவன் என்று பொருள். ஐந்தெழுத்துக்குச் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் இன்னும் ஆழமானது: சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் மறைப்பாற்றல், மகரம் மலம். சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியது. "நமசிவாய" என்று சொல்லும்போது உலகப் பற்றைக் குறிக்கும் எழுத்துகள் முன்னே நிற்கின்றன. "சிவாயநம" என்று மாற்றும்போது சிவம் முன்னே வருகிறது. இல்லறத்தார் முதலாவதிலேயே தொடங்கலாம். உயிரைக் குறிக்கும் யகரத்தை நாவில் வைத்து அதன் முன்னே என்னென்ன நிற்கின்றன என்று பார்ப்பதற்கே சில மாதங்கள் ஆகும்.

நீளமும் நேரமும்

ஒரு மாலைக்கு 108 மணி. எட்டைப் பிழைக்குக் கழித்து நூறு என்று கணக்கில் கொள்வது வழக்கம். "நமசிவாய" ஒரு மாலை சொல்ல மூன்று நான்கு நிமிடம் போதும். காயத்ரிக்கும், ரிக் வேதத்தின் "திரியம்பகம் யஜாமஹே" என்னும் மந்திரத்துக்கும் (7:59:12) நிதானமாகச் சொன்னால் கால் மணி நேரமாவது ஆகும். எழுத்துக்கு ஒரு லட்சம் உரு என்பது பழைய கணக்கு. நாளைக்கு ஆயிரம் சொல்பவர் ஐந்தெழுத்தின் ஐந்து லட்சத்தை 500 நாட்களில் முடிப்பார்; காயத்ரியின் 24 எழுத்துக்கு 24 லட்சம் என்றால் ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். இஸ்கான் என்னும் கிருஷ்ண பக்தி அமைப்பில் தீட்சை பெற்றவர்கள் நாள்தோறும் 16 மாலை "ஹரே கிருஷ்ண" மகாமந்திரம் சொல்வதாக உறுதி ஏற்கின்றனர். அதற்கு இரண்டு மணி நேரம் அளவில் தேவைப்படும். காலையில் ஆறு மணிக்குள் சமையலை முடித்துவிட்டு ரயில் பிடிப்பவர் இந்தக் கணக்குகளை முதலிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, தம் நாளில் உண்மையாகவே இருக்கும் இடத்துக்குள் அடங்கும் மந்திரத்தை எடுப்பதே நல்லது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும் காலத்தில் திரியம்பகத்தைச் சொல்ல விரும்பினால் அதைத் தனியே பதினொரு முறை சொல்லிக்கொள்ளலாம். நாள்தோறும் உருவேறும் பெயர் சிறிதாகவே இருக்கட்டும்.

ராசி, நட்சத்திரம் பார்த்து மந்திரம் தேர்வதைப் பற்றியும் கேட்பார்கள். தந்திர நூல்களில் பெயரின் முதலெழுத்தையும் மந்திரத்தின் முதலெழுத்தையும் சக்கரங்களில் வைத்து, சித்தம், சாத்தியம், சுசித்தம், அரி என்று நட்பும் பகையும் பார்க்கும் முறை உண்டு. ஆனால் பிரணவம், நரசிம்ம மந்திரம், கனவில் கிடைத்தது, பெண் ஒருவர் உபதேசித்தது எனப் பலவற்றுக்கு இச்சோதனை வேண்டாம் என்று அந்த நூல்களே விலக்கும் அளிக்கின்றன. பக்தியோடு பெயர் சொல்ல நினைப்பவர் இதற்காக ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு வாரம், பிறகு ஒரு மண்டலம்

இத்தனையும் பார்த்த பிறகு கையில் இரண்டு மந்திரங்கள் மிஞ்சியிருக்கும். சங்கல்பம் எதுவும் செய்துகொள்ளாமல் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துள் மட்டும் சொல்வது மானசம். வேள்வியைவிட முதலாவது பத்து மடங்கும், இரண்டாவது நூறு மடங்கும், மூன்றாவது ஆயிரம் மடங்கும் மேல் என்கிறது மனுஸ்மிருதி (2:85). உங்களுக்கு இந்த மூன்றும் ஒரு சோதனையாகவும் பயன்படும். வாய்விட்டுச் சொல்லும்போது சரியாக வரும் மந்திரம், மனத்துக்குள் சொல்லும்போது நடுவில் எழுத்து குழம்பிக் குழம்பி நின்றால் அது உங்களுக்கு நீளம். வாரக் கடைசியில், பாத்திரம் கழுவும்போதோ வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போதோ இரண்டில் எது தானாக வந்தது என்பதைப் பாருங்கள். கனவு, ஒளி, மணியோசை என்று அடையாளங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு படபடப்போ உறக்கக் கேடோ தொடர்ந்து வருமானால் எண்ணிக்கையைக் குறைத்து வாய்விட்டே சொல்லுங்கள்; அப்படியும் தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தேர்ந்த பிறகு 48 நாட்கள், அதாவது ஒரு மண்டலம், மாற்றுவதில்லை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். எண்ணிக்கையைச் சிறிதாகவே வையுங்கள். நாளைக்கு மூன்று மாலை என்பது யாராலும் முடியும். சிவனுக்கு உருத்திராக்கம், திருமாலுக்குத் துளசி மணி, அம்மனுக்கு ஸ்படிகம் என்பது பொது வழக்கு. மாலை இல்லாவிட்டால் விரல் கணுக்களே போதுமானவை. மாலையின் தலைமணியான மேரு மணியைத் தாண்டாமல் திருப்புவதும் சுட்டுவிரலைப் பயன்படுத்தாமல் இருப்பதும் பழக்கத்தில் வந்துவிடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் சொல்லி ஈடுகட்ட முயல வேண்டாம். விட்ட நாளைக் குறித்துவைத்துக்கொண்டு மண்டலத்தின் முடிவில் அந்த நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னொரு நாள் குரு ஒருவர் அமைந்து வேறொரு மந்திரத்தை உபதேசித்தால், இத்தனை நாள் சொன்னது வீணாயிற்றே என்று தயங்கத் தேவையில்லை. ஆசனத்தில் அமர்ந்து எண்ணும் ஜபத்தை அவர் தந்த மந்திரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய பெயர் அடுப்படியிலும் பேருந்திலும் இடறும் படிக்கட்டிலும் எப்போதும் போல வந்துகொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்லும் குருவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.